அஞ்சு ஓரகத்திப் பாலம்

சிப்பித்திடலுக்கும் அக்கரைக்கும் நடுவில் இருபது மீட்டர் அகலத்துக்குக் கடல் உள்ளே வந்து வெளியே போகிற கழி ஒன்று இருக்கிறது, அந்தக் கழிக்கு மேலே பதினோரு வருசத்துக்கு முன்னால் அரசாங்கம் ஒரு கான்கிரீட் பாலம் கட்டியது, அந்தப் பாலம் ஒதுங்கிக்கொடுக்கும். ஆமாம், ஒதுங்கிக்கொடுக்கும், பஸ்ஸில் ஏறி நிற்கிறவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர் கொஞ்சம் தள்ளிக்கொள்கிற மாதிரி. இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் சிப்பித்திடல்காரர்கள் கேட்பார்கள், அதற்குமேல் நீங்கள் தோண்டித் தோண்டிக் கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பெரிய பாலம் ஒன்றும் இல்லை. ஒரே கண்தான். இந்தக் கரைச் சுவருக்கும் அந்தக் கரைச் சுவருக்குமாக ஐந்து நீளமான உத்தரங்களை ஒன்றை ஒன்று தொடும்படி படுக்கவைத்து, மேலே தார் ஊற்றி, ரிப்பன் வெட்டி, லட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் கஸ்பார் தன் லோடு ஆட்டோவில் பன்னிரண்டு பார் ஐஸை அடுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினான். ஏறியதும் நடு உத்தரம் இரண்டு பக்கத்து உத்தரங்களையும் உரசிக்கொண்டு நாலு விரல் அகலம் முன்னால் நகர்ந்தது, அது நகர்ந்ததைப் பார்த்து அடுத்ததும் அதற்கடுத்ததும் ஆளுக்குக் கொஞ்சமாக நகர்ந்தன, வண்டி கடந்து போனதும் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டன, போட்டு ஒரு நாள்கூட ஆகாத தார் மட்டும் நீளவாக்கில் கிழிந்து கிடந்தது. கஸ்பார் இறங்கிப் பார்த்தான். மீன் கூடைக்காரிகள் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

முதல் வாரம் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அக்கரை அம்மன் கோயிலிலிருந்து ஒரு மாலையும் வந்தது, உத்தரங்கள் இரண்டையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு வழக்கம்போல நகர்ந்தன. தார் நிற்காது என்று தெரிந்ததும் பழைய வலைகளை நாலு மடிப்பாக விரித்து அதன்மேல் மணலைக் கொட்டினார்கள், வலை இழுத்த இழுப்புக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாததா. ஒரே வீட்டில் வாக்கப்பட்டு, ஒரே அடுக்களையில் தோளோடு தோள் இடித்து, முணுமுணுத்துக்கொண்டே ஒருத்திக்கு ஒருத்தி இடம் விடுகிற அஞ்சு ஓரகத்திமார் என்று யாரோ சொல்லப்போய் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கல்யாண வண்டி போனால் ஓரகத்திகள் எவ்வளவு ஒதுங்கினார்கள் என்று பெண் வீட்டார் பார்த்து வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடை என்றால் என்ன என்று அங்கேதான் பாடம் நடத்தினார். காலை நேரத்தில் உத்தரங்கள் உரசுகிற 'கர்ர்'ரென்ற சத்தம் கேட்டால் ஐஸ் வந்துவிட்டது என்று பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இப்படிப் பத்து வருசம் போனது.

பதினோராம் வருசம் பாலங்களைப் பார்வையிடுகிற துறையிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் வந்தார், பார்த்தார், பயந்தார், தன் படிவத்தில் 'உத்தரங்கள் நகர்கின்றன' என்று இரண்டே இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு மேசை தாண்டி அந்தத் தாள் திருநெல்வேலியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வந்து விழுந்தது, அங்கே அது மரிய வெனிஸ்டாவின் மேசைக்கு வந்தது.

வெனிஸ்டாவுக்கு முப்பத்துநாலு வயசு. கட்டடம், பாலம், தண்ணித் தொட்டி எதுவானாலும் அதைக் கணினிக்குள் கட்டி, பாரம் ஏற்றி, எங்கே உடையும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒரு உத்தரத்தை ஒரு லட்சம் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்குவாள்; ஒவ்வொரு கட்டியும் பக்கத்துக் கட்டியை எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று கணினி கணக்குப் போடும்; எல்லாத் தள்ளலும் எல்லா இழுப்பும் சரிக்குச் சரியாக வந்து நின்றால் அதுதான் விடை. ஒரே உத்தரத்துக்குள் இருக்கிற கட்டிகளோடு அவளுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. ஒரு உத்தரத்தின் பக்கம் அடுத்த உத்தரத்தின் பக்கத்தைத் தொடுகிற இடத்தில்தான் வில்லங்கம். தொடுகிற அந்த இரண்டு பக்கத்துக்கும் என்ன உறவு என்று நாம்தான் சொல்ல வேண்டும்: ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உரசிக்கொண்டு நகருமா? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினி தானாகவே ஒட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

அவள் சோம்பேறி இல்லை, உரசல் என்றுதான் முதலில் போட்டாள். ஒரு உத்தரம் இன்னொன்றின் உடம்புக்குள் பேய் மாதிரி புகுந்து மறுபக்கம் வந்து நின்றது. புகாதபடி இறுக்கினாள், இரண்டும் தொட்டன, விலகின, தொட்டன, விலகின, 'விடை கூடவில்லை' என்று சிவப்பு எழுத்து வந்து கணக்கு படுத்துக்கொண்டது. பதினாறு நாள் பதினாறு விதமாகப் போட்டுப் பார்த்தாள், பதினாறும் படுத்துக்கொண்டது. பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை, மணி நாலு, ஐந்துக்கு அறிக்கை போயாக வேண்டும். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஒட்டுன்னு போடும்மா. எல்லாவனும் அப்படித்தான் போடுதான். கான்கிரீட்டு எங்க ஓடிரப் போவுது?"

அந்தப் பாலத்தை அவள் நேரில் பார்த்ததில்லை. நகர்கின்றன என்றால் நூலளவு நகரும்போல என்று நினைத்திருந்தாள். ஒட்டு என்று போட்டாள், நாலே நிமிஷத்தில் திரை முழுக்க நீலமாக, அழகாக, ஆபத்தில்லை என்று விடை வந்தது. ஐந்து உத்தரங்களையும் குறுக்கே துளைத்து ஒன்பது போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டால் பாலம் ஒரே உடம்பாகிவிடும், ஐம்பது வருசத்துக்குக் கவலை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தோசை சுட்டாள். மனசுக்குள் ஏதோ நெருடியது, அவள் கண்டுகொள்ளவில்லை.

போல்ட்டுப் போட்டார்கள். ஓரகத்திகள் வாயடைத்துப்போனார்கள். காலையில் 'கர்ர்' இல்லை, ஊரே ஏதோ துக்க வீடு மாதிரி ஆனது, கஸ்பார் ஐஸோடு வந்து நின்று சத்தமாக ஆரன் அடித்தால்தான் பெண்கள் வந்தார்கள். இருபத்துமூன்றாம் நாள் நடு உத்தரம் சுவரில் உட்காருகிற முனையில் கீறல் கண்டது, மறுவாரம் அந்தக் கீறலுக்குள் விரல் நகம் போனது. கணக்குப்படி உடையவே கூடாத பாலம் உடைகிறது என்றால் கான்கிரீட்டே சொத்தை என்று துறை முடிவு கட்டியது. மாதக் கடைசியோடு பாலத்தை மூடிவிடுவது, திடலில் இருக்கிற நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பட்டா கொடுப்பது என்று உத்தரவு தயாரானது. கடலை விட்டுப் பதினெட்டு கிலோமீட்டர்! மீன் பிடிக்கிறவர்கள் அங்கே போய் என்ன பிடிப்பது, ஓணானா?

கீறலைப் படம் பிடித்துக்கொண்டு வரச்சொல்லி வெனிஸ்டாவை அனுப்பினார்கள். மூடுவதற்கு எட்டு நாள் இருந்தது.

அவள் போய் இறங்கினபோது காலை ஒன்பது மணி. பாலத்து முகப்பில் செல்லப்பழத்தின் டீக்கடை. செல்லப்பழம் நாற்பது வயசுக்காரி, புருசனும் அவளுமாக நடத்தின கடையை இப்போது அவள் மட்டும் நடத்துகிறாள், வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது. வெனிஸ்டா பஜ்ஜித் தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கஸ்பாரின் ஐஸ் வண்டி வந்தது. அவன் பாலத்தில் நேரே ஏறவில்லை. முகப்பில் நிறுத்தினான், தலையை வெளியே நீட்டி, "வாரேன் தாயி, தள்ளிக்கோ" என்றான். முன் சக்கரத்தை மட்டும் ஏற்றினான். நின்றான். கீழே பார்த்தான். பெருமூச்சு விட்டான். இன்னும் ஒரு முழம் ஏற்றினான், மறுபடி நின்றான். இப்படியே நின்று நின்று அந்த இருபது மீட்டரைக் கடக்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது, ஐஸை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து டீ கேட்டான்.

"யார்ட்ட பேசுனிய?" என்றாள் வெனிஸ்டா.

"பாலத்துட்டதான் மேடம். இங்கன யாரும் திடுதிப்புன்னு ஏற மாட்டோம். சொல்லிட்டு, ஒரு சக்கரம் வச்சிட்டு, அது ஒதுங்குற வரைக்கும் நிக்கணும். ஒதுங்கினப்புறம் இன்னும் கொஞ்சம். பாரத்தக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கிடும். இப்பம் அதுகளால முடியல. பழக்கதோசத்துல நாந்தான் நிக்கேன்."

"எவ்வளவு ஒதுங்கும்?"

கஸ்பார் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினான், தன் வண்டிக்கே அவ்வளவு. வெனிஸ்டா பஜ்ஜித் தட்டைப் பெஞ்சில் வைத்தாள்.

"எவனோ படிச்ச மடையன் கம்ப்யூட்டர்ல பாத்து, கட்டிப் போடுன்னானாம்" என்றாள் செல்லப்பழம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல். "கையையும் காலையும் கட்டிப் போட்டுட்டு, ஏன் சொமக்கல, ஏன் சொமக்கலன்னா? அவனக் கண்டேன்னா இந்தக் கரண்டியாலயே..."

"அவன் இல்லக்கா. நாந்தான்."

பஜ்ஜி கருகுகிற வாசம் வந்தது. செல்லப்பழம் அவளை மேலும் கீழும் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், அதே கரண்டியால் இரண்டு பஜ்ஜியை எடுத்து வெனிஸ்டாவின் தட்டில் போட்டாள்.

"தின்னு. தின்னுட்டு எப்படி அவுக்கணும்னு சொல்லு."

அவ்வளவுதான் விசாரணை. திட்டியிருந்தால் வெனிஸ்டா தாங்கியிருப்பாள். அந்த இரண்டு பஜ்ஜியைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

முதலாளிக்கு ஃபோன் போட்டு லீவு சொன்னாள், பெஞ்சின் மேலேயே மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் ஐந்து உத்தரங்கள் ஐந்து நிறத்தில் வந்தன. இதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஓரகத்திகள் டிவியில் வந்திருக்கிறார்கள் என்பது போலக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள், பெரியவளுக்கு இந்தப் பச்சை நல்லாவே இல்லை என்று ஒருத்தி குறை சொன்னாள், வெனிஸ்டா அதை மாம்பழ நிறத்துக்கு மாற்றினாள். பிறகு ஒட்டு என்றிருந்ததை அழித்து உரசல் என்று போட்டு, வண்டியின் பாரத்தை நடு உத்தரத்தில் வைத்துக் கணக்கை ஓடவிட்டாள். தொட்டன, விலகின, தொட்டன, விலகின, சிவப்பு எழுத்து.

"மேடம்" என்றான் கஸ்பார், திரைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு. "வண்டிய வானத்துலருந்தா போடுதிய?"

"என்னது?"

"இல்ல, முன்னால ஒண்ணுமில்லாம இருந்துச்சு, அடுத்த நிமிசம் முழு வண்டியும் நடுவுல நிக்கி. ஏறினதயே காணோம். இப்படி மண்டையில தூக்கிப் போட்டா யாருதான் அதிராம இருப்பா?"

வெனிஸ்டா அவனையே பார்த்தாள். பதினாறு நாள், பதினாறு விதம், பதினாறிலும் முழுப் பாரத்தையும் ஒரே மூச்சில்தான் வைத்திருக்கிறாள். படிக்கும்போது பேராசிரியர் சொன்னதுதான், உரசல் கணக்குக்குப் பாரத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்று. நேரமாகிறது, நேரமாகிறது என்கிற அவசரத்தில் அந்தப் பாடம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. பாரத்தை இருநூறு படியாக உடைத்தாள். ஒரு படி வை, எல்லாம் ஒதுங்கி அடங்குகிற வரைக்கும் நில், அடுத்த படி வை.

ஆனால் எவ்வளவு உரசல்? அதை யாரைக் கேட்பது? போல்ட்டுப் போட்ட பாலம் வாய் திறக்காது. கஸ்பார்தான் கரைச்சரிவுக்குக் கூட்டிப்போனான். பாலம் கட்டினபோது இரண்டு குட்டை உத்தரங்கள் மிஞ்சி, அடியில் ஒன்றும் அதன்மேல் ஒன்றுமாகச் சரிவில் சாய்ந்து கிடந்தன. "இதுகளும் அதே வீட்டுப் பொம்பளப்பிள்ளைகதான்" என்றான். காலையில் இறக்கின ஐஸைத் திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொரு பாராக மேல் உத்தரத்தில் ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, அது முரண்டு பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. ஒன்பதாவது பார் வைத்ததும் சட்டென்று கிளம்பி வழுக்கியது. கிளம்பினபிறகு ஒன்றை எடுத்தார்கள், இரண்டை எடுத்தார்கள், மூன்றை எடுத்தார்கள், ஆறு பாரிலும் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

"கெளம்பத்தான் மொரண்டு பண்ணும்" என்றாள் பின்னாலேயே வந்திருந்த செல்லப்பழம். "கெளம்பிட்டா சுலுவா போயிரும். எம்புருசனும் இருந்தவரைக்கும் அப்படித்தான், சந்தைக்கு."

கிளம்ப ஒன்பது, போய்க்கொண்டிருக்க ஆறு. வெனிஸ்டா ஈரக்கையோடு அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள். நிற்கும்போது ஒரு உரசல், நகரும்போது அதைவிடக் குறைந்த உரசல், இரண்டையும் கணக்கில் சேர்த்தாள், ஓடவிட்டாள். அன்றைக்கு முழுக்க ஓடியது. ஓட்டு எண்ணுகிற இடத்தில் நிற்கிற மாதிரி ஊரே நின்றது, முப்பதாம் படி தாண்டிற்றா, நாற்பது ஆயிற்றா என்று கடலிலிருந்து வந்தவர்கள் வலையைக்கூட உதறாமல் கேட்டார்கள். அறுபத்துமூன்றாம் படியில் நின்றுபோனது. வெனிஸ்டா அந்தப் படியை இரண்டாக உடைத்து மறுபடி விட்டாள். மூன்று நாளில் நாலு தரம் நின்றது, நாலு தரமும் உடைத்தாள். நாலாம் நாள் மத்தியானம், செல்லப்பழம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, இருநூறாம் படி முடிந்தது.

ஒதுங்கவிட்ட பாலத்தில் எங்கேயும் சிவப்பில்லை. நடு உத்தரம் தன் பாரத்தை உரசி உரசிப் பக்கத்தவளுக்குக் கொடுத்தது, அவள் அடுத்தவளுக்கு. ஒருத்திமேலும் அதிகம் விழவில்லை. அதே பாலத்தில் ஒன்பது போல்ட்டை வைத்துப் பார்த்தாள், நடு உத்தரத்தின் முனையில், அச்சாக அந்த இடத்தில், கீறல் விழுந்தது. கான்கிரீட் சொத்தை இல்லை. கணக்குத்தான் சொத்தை.

முதலாளி ஃபோனில் கத்தினார். "ஒனக்கென்ன கிறுக்கா? சொத்த கான்கிரீட்டுன்னு துறைக்காரனே சொல்லிட்டான், நமக்குக் கேடு இல்ல, வாயப் பொத்திக்கிட்டு வா!" வெனிஸ்டா வரவில்லை. முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று ஆரம்பித்துப் புது அறிக்கை ஒன்றைத் தன் பெயரிலேயே எழுதி, எடுத்துக்கொண்டு துறையின் செயற்பொறியாளர் தாணுமூர்த்தியின் முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டு ஒரு தரம் அவளைப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருசமா அறிக்கை வாங்குதேன். தப்புன்னு திருப்பிக் கேட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார். "சரி. போல்ட்டக் கழத்துவோம். மூணு தண்ணி லாரி ஏத்துவோம். நடு உத்தரம் எவ்வளவு நகரும்னு இப்பமே எழுதிக் குடுங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல பிசகிச்சுன்னா ஒங்க கணக்க நான் நம்ப மாட்டேன், அன்னைக்கே பாலத்த மூடிருவேன். சம்மதமா?"

பத்தொன்பது சென்டிமீட்டர் என்று எழுதிக்கொடுத்தாள்.

மூடுவதற்குக் குறித்த நாளன்றுதான் சோதனை வைத்தார்கள். முந்தின நாளே கீறலை அடைத்திருந்தார்கள், காலையில் ஒன்பது போல்ட்டையும் கழற்றினார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடும் கரையில் நின்றது. சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிவிட்டே வந்திருந்தார்கள், அந்த மூட்டைகளைப் பார்க்க வெனிஸ்டாவுக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்டபடியே முதல் லாரி நின்று நின்று ஏறியது. உத்தரங்கள் அசையவில்லை. இரண்டாம் லாரி ஏறியது. அசையவில்லை. நாற்பத்தைந்து நாள் கட்டிப் போட்டிருந்தால் மனுசனுக்கே மரத்துப்போகும். மூன்றாம் லாரியின் முன் சக்கரம் ஏறியது, கீழே கழித் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

'கர்ர்' என்றது. நடு உத்தரம் உதறிக்கொண்டு கிளம்பி, பக்கத்தவர்களை இடித்து எழுப்பி, மணலைச் சொரிந்துகொண்டு, மூன்றாம் லாரி முழுக்க ஏறி நிற்கிற வரைக்கும் நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். தாணுமூர்த்தி குலவைக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. விறுவிறுவென்று பாலத்தில் ஏறி, முட்டி போட்டு, தானே டேப்பைப் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார்.

"இருவத்தொண்ணு" என்றார். "நீங்க எழுதினது பத்தொன்பது. ரெண்டு சென்டிமீட்டர் பிசகு."

குலவை நின்றுபோனது. எங்கிருந்து வந்தது இரண்டு? லாரியில் தண்ணீர் கூடுதலா, ஐஸ் பார் எடை குறைவா, இருநூறு படியில் எந்தப் படி? தெரியவில்லை, அவளுக்குத் தெரியவே இல்லை. "தெரியல சார்" என்றாள். தாணுமூர்த்தி வருத்தத்தோடுதான் சட்டைப் பைக்குள் கையை விட்டார், மூடுகிற உத்தரவு அங்கேதான் மடித்து இருந்தது.

"அந்த ரெண்டு ஒங்களுக்கு, சார்" என்றாள் செல்லப்பழம், கரையிலிருந்து.

"என்னது?"

"நீங்களும்லா மேல நிக்கிய. ஒங்களுக்குன்னு ஒதுங்கியிருக்கு."

தாணுமூர்த்தி குனிந்து தன் காலைப் பார்த்தார். வாட்டசாட்டமான மனுசன், நூறு கிலோவுக்குக் குறையமாட்டார், இரண்டு ஷூவும் நடு உத்தரத்தின்மேல் இருந்தன. மெதுவாக இறங்கிக் கரைக்கு வந்தார். உத்தரம் சின்னதாக முனகிக்கொண்டு பின்வாங்கியது. கஸ்பார் போய் டேப்பைப் பார்த்தான்.

"பத்தொன்பது!"

அவர் ஏறினார். இருபத்தொன்று. இறங்கினார். பத்தொன்பது. நூறு கிலோ ஆளுக்காக இருபது டன் உத்தரம் இரண்டு சென்டிமீட்டர் நகராது, எந்தக் கணக்கிலும் நகராது, அது வெனிஸ்டாவுக்கும் தெரியும், முப்பத்தோரு வருசம் பாலம் பார்த்த அவருக்கும் தெரியும்; இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. மூன்றாம் தரம் அவர் ஏறினபோது ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார், யாரோ வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்ன மாதிரி அவர் முகம் ஆகியிருந்தது. அங்கே நின்றபடியே உத்தரவைப் பிரித்து, லாரியின் பானெட்டில் வைத்து, குறுக்கே ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். கரையில் கட்டின மூட்டைகளை அங்கேயே அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீங்க ஏறலையா?" என்று கேட்டார் வெனிஸ்டாவை.

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, கட்டு அவிழ்ந்த பாலத்தில் அவள் இன்னும் கால் வைக்கவில்லை. "எனக்கு ஒதுங்காது சார்" என்றாள். "நாந்தானே கட்டிப் போட்டேன்."

"ஏளா, வாயி மட்டும் பேசாத. ஏறு" என்று செல்லப்பழம் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனசார, "தப்புத்தான். மன்னிச்சிக்கோ" என்றாள். உள்ளங்காலுக்குக் கீழே மணல் கிச்சுக்கிச்சு மூட்டியது. நடு உத்தரம் மட்டுமில்லை. ஐந்தும், ஒவ்வொன்றாக, ஒரு விரல் அகலத்துக்கு ஒதுங்கின.

வெனிஸ்டா அங்கேயே பாலத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள், சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். லாரிகள் இறங்கிப் போய்விட்டன, படகுகள் கரைக்கு வந்துவிட்டன, சந்தைக்கு நேரமாகிவிட்டது. மீன் கூடைக்காரிகள் வரிசையாகப் பாலத்தில் ஏறி, அவளை எழுப்பாமல், ஏன் அழுகிறாய் என்றும் கேட்காமல், இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமுமாக ஒதுங்கி அவளைக் கடந்து போனார்கள்.